தேர்வு எழுதினாலன்றோ தேர்ச்சி!

நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் பட்டப்படிப்பை முடித்துவிட்டால் சுற்றத்தார் கேட்கும் முதற்கேள்வி எது? "பாஸ்போர்ட் எடுத்தாயிற்றா?" என்பதே. இரண்டாவது கேள்வி, "மாமா கடையில் எப்போது உட்காரப் போகிறான்?" என்பது. பெண் பிள்ளையாயின், "எங்கேனும் மாப்பிள்ளை பார்த்திருக்கிறீர்களா?" என்பதோடு கேள்வி முடிந்துவிடும். "குடிமைப்பணித் தேர்வுக்கு மனுச் செய்தாயிற்றா?" என்று கேட்பவர்களை நம் மஹல்லாக்களில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சபர் செய்து பொருளீட்டுவதும், வணிகம் செய்வதும் நம் முன்னோர் காட்டிய ஹலாலான வழிகள். அவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், நாட்டை நிர்வகிக்கும் பணியில் நம் பங்கு ஏன் இவ்வளவு மெலிந்து கிடக்கின்றது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தனக்குள் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

நீதியரசர் ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு 2006ஆம் ஆண்டு தன் அறிக்கையை அளித்தது. 2001ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் முஸ்லிம்கள் 13.4 விழுக்காட்டினர். ஆனால் ஐ.ஏ.எஸ். அலுவலர்களில் 3 விழுக்காடு, ஐ.பி.எஸ்.சில் 4 விழுக்காடு, அயலுறவுப் பணியில் 1.8 விழுக்காடு என்பதே நம் பங்கு என அக்குழு எடுத்துரைத்தது. இந்தக் கணக்கை நாம் மேடைதோறும் முழங்கியிருக்கின்றோம். அதே அறிக்கையில் உள்ள வேறொரு செய்தியை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம். 2003, 2004ஆம் ஆண்டுகளில் இத்தேர்வை எழுதியோரில் முஸ்லிம்கள் 4.9 விழுக்காட்டினரே, எழுதியவர்களுள் வெற்றி பெற்றோரின் விகிதமோ ஏறத்தாழ மற்றவர்களுக்குச் சமமாகவே இருந்தது!

இதன் பொருள் என்ன? தேர்வுக் கூடத்திற்குள் சென்ற நம் பிள்ளைகள் எவருக்கும் சளைத்தவர்களாக இல்லை. தேர்வுக் கூடத்திற்குச் செல்லாமல் இருந்தவர்களே மிகுதி. "நமக்கெல்லாம் எங்கே கொடுக்கப் போகிறார்கள்?" என்று வீட்டுத் திண்ணையில் பேசப்படும் பேச்சு, பிள்ளையின் கையிலிருந்து விண்ணப்பத்தைப் பிடுங்கி எறிந்துவிடுகின்றது.

இத்தேர்வின் மொத்த மதிப்பெண் 2025. அதில் நேர்முகத் தேர்வுக்கு உரியது 275 மட்டுமே. நூற்றுக்கு 14க்கும் குறைவு. எஞ்சிய 1750 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கு உரியவை. அந்த விடைத்தாளைத் திருத்துபவருக்கு எழுதியவரின் பெயரும் தெரியாது, மார்க்கமும் தெரியாது. பாகுபாடே உலகில் இல்லை என்று யாரும் கூறவில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி முயற்சியைக் கைவிடுவது, மழை பெய்யாது என்று எண்ணி விதைக்காமல் விட்ட உழவனின் கதையாகிவிடும்.

பதவியா, அமானிதமா?

ஆட்சிப் பணி என்றதும் சுழலும் விளக்கு பொருத்திய வாகனமும் சலாம் அடிக்கும் சேவகர்களும் நினைவுக்கு வருமாயின், அந்த ஆசை வேண்டாம். யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் ஓதுகின்றோம். சிறையிலிருந்து வெளிவந்த அந்த நபி, எகிப்து நாட்டின் களஞ்சியப் பொறுப்பை முன்வந்து கேட்டுப் பெற்றார்கள். அப்போது தம் குலத்தையோ அழகையோ அவர்கள் தகுதியாகக் கூறவில்லை. பொருளைப் பாதுகாக்கும் நேர்மை, அதை நிர்வகிக்கும் அறிவு ஆகிய இரண்டையுமே எடுத்துரைத்தார்கள். பின்னர் பஞ்சம் வந்தபோது அந்தக் களஞ்சியம் எல்லா மக்களுக்கும் உணவளித்தது. அநீதி இழைத்த சகோதரர்களுக்கும் அளித்தது.

நேர்மை மட்டும் இருந்து அறிவு இல்லையேல் நிர்வாகம் தடுமாறும். அறிவு இருந்து நேர்மை இல்லையேல் மக்கள் தடுமாறுவர். 2013ஆம் ஆண்டு முதல் முதன்மைத் தேர்வில் அறநெறிக்கெனத் தனியாக 250 மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் வைக்கப்பட்டிருப்பதும் இதனால்தான் எனலாம். ஆட்சிப் பணிக்குச் செல்லும் முஸ்லிம், சமுதாயத்திற்குச் சலுகை வாங்கித் தரும் தூதுவர் அல்லர். எல்லா மக்களுக்கும் பொதுவான அலுவலர். அவருடைய மேசைக்கு வரும் ஏழையின் மனு எந்த மதத்தினருடையதாயினும் அமானிதமே.

நம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. பல்லாவரம், பம்மல், நாகல்கேணி வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிலால் வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ. அத்தொழிலின் கழிவுநீரால் நிலத்தடி நீரை இழந்த குடும்பங்களும் எத்தனையோ. தொழிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்ற இரு நியாயங்களுக்கு நடுவே நின்று முடிவெடுப்பவர் ஓர் அரசு அலுவலர். அந்த நாற்காலியில் அறிவும் இரக்கமும் உடையவர் அமர்வதால் விளையும் நன்மை எத்தகையது என்பதை இப்பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தேர்வின் அமைப்பு

ஆங்கிலேயர் ஆட்சியில் ஐ.சி.எஸ். தேர்வு நெடுங்காலம் இலண்டனில் மட்டுமே நடந்தது. கடல் கடந்து செல்லப் பொருள் வசதி உள்ளவருக்கே அது எட்டும் கனி. 1922ஆம் ஆண்டுதான் இந்திய மண்ணில், அலகாபாத்தில், நடத்தத் தொடங்கினர். 1979ஆம் ஆண்டு, கோத்தாரிக் குழுவின் பரிந்துரைப்படி இன்றுள்ள மூன்று நிலைத் தேர்வு வந்தது. தாய்மொழியில் விடை எழுதும் உரிமையும் வந்தது.

முதல்நிலைத் தேர்வில் இரண்டு தாள்கள்; ஒவ்வொன்றும் 200 மதிப்பெண். பொது அறிவுத் தாளின் மதிப்பெண்தான் தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளப்படும். திறனறித் தாளில் 33 விழுக்காடு பெற்றால் போதும். தவறான விடைக்கு, அக்கேள்வியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு விடையைக் குறிப்பது கூடாது.

முதன்மைத் தேர்வில் ஒன்பது தாள்கள். இந்திய மொழி ஒன்று, ஆங்கிலம் ஒன்று என இரண்டு தகுதித் தாள்கள். கட்டுரை ஒரு தாள், பொது அறிவு நான்கு தாள்கள், விருப்பப் பாடம் இரண்டு தாள்கள் என எஞ்சிய ஏழும் தாளுக்கு 250 மதிப்பெண் கொண்டவை. இதனைக் கடந்தவரே நேர்முகத்திற்கு அழைக்கப்படுவர்.

2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கு 9,92,599 பேர் மனுச் செய்தனர். முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள் 5,83,213 பேர். முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் 14,627 பேர். நேர்முகத்திற்கு 2,845 பேர். இறுதியில் தேர்வானவர்கள் 1,009 பேர். இக்கணக்கில் அச்சமும் உண்டு, ஆறுதலும் உண்டு. மனுச் செய்தவர்களில் ஏறத்தாழ நாலு இலட்சம் பேர் தேர்வுக் கூடத்திற்கே வரவில்லை! போட்டி உண்மையில் யாரிடம் என்பதை இதிலிருந்து உணரலாம்.

தமிழும் ஆங்கிலமும்

முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். நேர்முகத்திலும் தமிழில் பேசலாம். தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாகவும் கொள்ளலாம். சீறாப்புராணத்தையும் மஸ்தான் சாகிபு பாடல்களையும் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது வீட்டுச் சொத்துப் போன்றது. ஆனால் முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைகின்றது. ஆதலால் ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆற்றல் இன்றியமையாதது.

இதற்கு நேர்மாறான ஆபத்து ஒன்றும் நம் நகர்ப்புற இல்லங்களில் வளர்ந்து வருகின்றது. ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகள் பலருக்குத் தமிழில் ஒரு பக்கம் பிழையின்றி எழுத வரவில்லை. இந்திய மொழித் தகுதித் தாளில் 25 விழுக்காடு பெறாவிடில், மற்றத் தாள்கள் எவ்வளவு சிறப்பாக எழுதப்பட்டிருந்தாலும் கணக்கில் வாரா. உருது பேசும் குடும்பத்தினர் உருதுவிலும் அத்தாளை எழுதலாம். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல் வேண்டும், பேச்சுப் பழக்கம் மட்டும் போதாது.

வயதும் சான்றிதழும்

வயது 21 நிறைந்த பட்டதாரி எவரும் மனுச் செய்யலாம். கல்லூரி இறுதியாண்டில் இருப்போரும் முதல்நிலைத் தேர்வை எழுதலாம். பொதுப் பிரிவினருக்கு 32 வயது வரை ஆறு வாய்ப்புகள். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது வரை ஒன்பது வாய்ப்புகள். முதல்நிலைத் தேர்வில் ஒரு தாள் எழுதினாலும் ஒரு வாய்ப்பு கழிந்துவிடும். எனவே போதிய ஆயத்தமின்றி "சும்மா எழுதிப் பார்க்கிறேன்" என்பது வீண் செலவு. கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கு அதுவும் இல்லை.

இங்கே பெற்றோர் கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. அதற்குரிய மாநிலச் சான்றிதழ் மத்திய அரசுத் தேர்வுக்குச் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், இதர பிற்படுத்தப்பட்டோர் என்ற சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் தனியே பெறுதல் வேண்டும். லெப்பை, மரைக்காயர், ராவுத்தர் போன்ற உட்பிரிவின் பெயர் அதில் சரியாக இடம்பெற்றுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். 2017 முதல் ஆண்டுக்கு 8 இலட்சம் ரூபாய் என வருமான வரம்பும் உண்டு. அதைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேர்க்கப்படுவதில்லை. இது தெரியாமல், "நமக்கு வராது" என்று விட்டுவிட்ட குடும்பங்கள் உண்டு. தந்தை சான்றிதழுக்கு அலையும் ஒரு மாதம், மகனுக்கு மூன்று வயதையும் மூன்று வாய்ப்பையும் கூட்டித் தரும்.

தாம்பரத்தில் இருந்தபடியே

டில்லிக்குச் சென்று தங்கினால்தான் வெற்றி என்ற காலம் மாறிவிட்டது. கிழக்குத் தாம்பரத்தில் 1937 முதல் இயங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, தேர்தல் ஆணையராகப் புகழ் பெற்ற டி.என். சேஷன் பயின்ற இடம். வண்டலூரில், கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984இல் தோற்றுவித்த கிரஸண்ட் கல்வி நிலையம் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கின்றது. பட்டப்படிப்புக்குக் குறைவில்லாத வட்டாரம் இது.

பயிற்சிக்கும் வழியுண்டு. பசுமைவழிச் சாலையில் தமிழக அரசின் அகில இந்தியக் குடிமைப்பணித் தேர்வுப் பயிற்சி மையம் நுழைவுத் தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கின்றது. 'நான் முதல்வன்' திட்டத்தில் 2023 முதல் மதிப்பீட்டுத் தேர்வின் வழியே ஆண்டுக்கு ஆயிரம் பேரைத் தெரிந்தெடுத்து, முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதங்களும், அதில் தேறியோர்க்கு 25,000 ரூபாயும் வழங்க அரசு முன்வந்தது. சைதை துரைசாமி அவர்களின் மனிதநேயம் அறக்கட்டளை சாதி மத வேறுபாடின்றிக் கட்டணமில்லாப் பயிற்சி அளித்துப் பெயர் பெற்றது. டில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் உறைவிடப் பயிற்சி மையம் சிறுபான்மையினர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு உரியது. 2021ஆம் ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பெற்ற சுருதி சர்மா அங்குப் பயின்றவரே.

இவை எதிலும் இடம் கிடைக்காவிட்டாலும் கதவு மூடிவிடுவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் பாடநூல்களே அடித்தளம். பழைய வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் இணையதளத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம், சைதாப்பேட்டை வரை மின்தொடர் வண்டியில் செல்வோர்க்கு எட்டும் தொலைவுதான்.

நாள் முறையைப் பற்றி ஒரு சொல். பஜ்ருத் தொழுகைக்கு எழும் பழக்கமுள்ள பிள்ளைக்கு, மற்றவர் உறங்கும் இரண்டு மணி நேரம் நாள்தோறும் அல்லாஹ் அளிக்கும் கொடை. அந்நேரத்தைக் கடினமான பாடத்திற்கு ஒதுக்குக. பகலில் ஒரு நாளிதழைக் குறிப்பெடுத்துப் படிக்க. மாலையில் ஒரு வினாவுக்காவது கைப்பட விடை எழுதுக. இஷாவுக்குப் பின் கைப்பேசியை உம்மாவிடம் கொடுத்துவிடுக! படித்ததைத் திரும்பப் படிப்பது எத்துணை பயனுடையது என்பதைக் குர்ஆனை மனனம் செய்யும் ஹாபிழ்களிடம் கேட்டால் தெரியும். புதிய பாடம் ஓதுமுன் பழைய பாடத்தை ஒப்புவிக்கும் அவர்களின் முறை இத்தேர்வுக்கும் பொருந்தும்.

வழிகாட்டும் வாழ்க்கைகள்

தமிழகத்தில் பிறந்த மூஸா ரஸா அவர்கள் 1960ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்த ஐ.ஏ.எஸ். அலுவலர். குஜராத்தில் பணியாற்றி, காஷ்மீரின் தலைமைச் செயலாளராக மிக நெருக்கடியான காலத்தில் பொறுப்பு வகித்தார். ஓய்வுக்குப் பின் சென்னை எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்குத் தலைமையேற்றார். 2010இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர் 2024இல் மறைந்தார்.

"அவரெல்லாம் வசதியானவர்" என்பீர்களா? கேரளத்து முஹம்மது அலி ஷிஹாபைப் பாருங்கள். தந்தையை இழந்து, முக்கம் முஸ்லிம் அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். சிறுசிறு அரசுப் பணிகளில் இருந்தபடியே தனித்தேர்வராகப் பட்டம் பெற்று, 2011இல் 226ஆம் இடத்தில் தேறி நாகாலாந்தில் ஐ.ஏ.எஸ். அலுவலரானார். மராட்டியத்து ஜால்னாவைச் சேர்ந்த அன்சார் ஷேக் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகன். 2015ஆம் ஆண்டுத் தேர்வை முதல் முயற்சியிலேயே, 21 வயதில், 361ஆம் இடத்தில் வென்றார். பூனாவில் படிக்கும்போது முஸ்லிம் என்பதால் வாடகை அறை கிடைக்காமல் வேறு பெயர் சொல்ல நேர்ந்ததை அவரே பின்னர் வெளியிட்டார். அந்த வேதனை அவரைப் படிப்பிலிருந்து திருப்பிவிடவில்லை.

மத்ரஸா மாணவர்களுக்கும் முன்னோடி உண்டு. பீகாரைச் சேர்ந்த மௌலானா ஷாஹித் ரஸா கான், முபாரக்பூர் அல்ஜாமியத்துல் அஷ்ரபிய்யாவில் ஓதியவர். பின்னர் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பயின்று, 2018ஆம் ஆண்டுத் தேர்வில் 751ஆம் இடம் பெற்றார். மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கும் எம் போன்றோர் இதில் ஒரு கடமையை உணர்தல் வேண்டும். ஆலிம் பட்டம் மட்டும் இத்தேர்வுக்குத் தகுதியாகாது; பல்கலைக்கழகப் பட்டம் தேவை. ஓதும் மாணவரைப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையாக எழுத வைத்து, அதன் பின்னரே தொலைநிலைக் கல்வியில் பட்டத்திற்குச் சேர்க்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிக் குதித்துப் பெற்ற திறந்தவெளிப் பட்டம் தமிழக அரசுப் பணிக்கு ஏற்கப்படுவதில்லை. அரபு இலக்கியம் முன்பு விருப்பப் பாடமாக இருந்தது. 2013இல் அது நீக்கப்பட்டுவிட்டது. பழைய செய்தியை நம்பி மாணவர் ஏமாறலாகாது.

பெண்மக்களைப் பெற்றவர்களே! நீதியரசர் பாத்திமா பீவி அவர்களைச் சட்டம் படிக்கத் தூண்டியவர் அவருடைய தந்தையே. 1950இல் வழக்கறிஞராகி, 1958இல் கேரளத்தில் முன்சீப்பாகப் பணியில் சேர்ந்த அவர், 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை நம் மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தார். தமிழக அரசுப் பணிகளில் பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கின்றது. மகளின் திருமணத்தை இரண்டாண்டு தள்ளிவைப்பதால் குடும்பத்தின் கண்ணியம் குறைந்துவிடாது.

தோல்வியையும் எண்ணிப் பார்க்க

ஐந்தே முக்கால் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எழுதி ஆயிரம் பேர் தேர்வாகும் களத்தில், திறமையுள்ளோரும் தோற்பர். இதை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிடுதல் நன்று. மூன்று ஆண்டுகள் அல்லது மூன்று முயற்சிகள் என ஓர் எல்லை வகுத்துக்கொள்க. அதே படிப்பைக் கொண்டு தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1, குரூப் 2 தேர்வுகளையும், மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளையும் எழுதுக. துணை ஆட்சியரும் காவல் துணைக் கண்காணிப்பாளரும் குரூப் 1 வழியே வருகின்றனர். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் பணிகளுக்கான குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும். நம் மக்கள் நாள்தோறும் சென்று நிற்கும் வாசல்கள் இந்தச் சிறு அலுவலகங்களே. அங்கே நேர்மையான ஓர் இளநிலை உதவியாளர் இருப்பதும் பெருஞ்சேவையே.

தேர்வில் தவறிய பிள்ளையை "மூன்று வருடம் வீணாக்கினாய்" என்று இடித்துரைக்கும் வழக்கத்தை விட்டொழியுங்கள். உயிரையே மாய்த்துக்கொள்ளும் அளவுக்கு மாணவர்களைத் துரத்தும் அவமானத்தை வீட்டாரே உண்டாக்கலாகாது. முயற்சி அடியானுடையது, முடிவு அல்லாஹ்வுடையது.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை

சென்னை அண்ணா சாலையிலுள்ள மக்கா பள்ளிவாசலில், அதன் இமாம் மௌலானா ஷம்சுத்தீன் காசிமி அவர்கள் 'அழகிய கடன்' என்ற பெயரில் ஒரு பயிற்சி நிலையத்தை நடத்திக் காட்டினார்கள். பள்ளிவாசலிலேயே மாணவர்கள் தங்கி, உண்டு, கட்டணமின்றிப் படித்தனர். வட்டியில்லாக் கடனுக்குக் குர்ஆன் சூட்டிய பெயரையே அதற்கு வைத்தது எத்துணைப் பொருத்தம்!

பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை எத்தனை பள்ளிவாசல்கள்! அவற்றின் மாடிகள் லுஹருக்கும் அசருக்கும் இடையே பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பயிற்சி நிலையம் ஆக வேண்டியதில்லை. ஒரு மேசை, இருபது நாற்காலிகள், இரண்டு நாளிதழ்கள், பாடநூல்களின் தொகுதி ஒன்று, மின்விசிறி, அமைதி. ஒரு மஹல்லாவால் இவ்வளவு இயலாதா? ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வாரம் ஒருநாள் விடைத்தாள் திருத்தித் தரலாம். ஏழை மாணவருக்கு உதவப் பைத்துல்மாலில் இடமுண்டா என்பதை உலமாக்களிடம் கேட்டு, ஜகாத்திலோ சதகாவிலோ ஒரு பங்கை முறைப்படி ஒதுக்கலாம். அதை விட முக்கியம், ஜும்ஆ மேடையில் தேர்வு அறிவிப்பு வந்த செய்தியையும் கடைசித் தேதியையும் ஒரு நிமிடம் அறிவித்தல். அண்மைய ஆண்டுகளில் குடிமைப்பணித் தேர்வின் அறிவிப்பு பெரும்பாலும் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே வந்துவிடுகின்றது. நம்மவர் பலருக்கு அச்செய்தி, தேதி முடிந்த பிறகே எட்டுகின்றது.

சமுதாயச் சொந்தங்களே! இவ்வாண்டு உங்கள் மஹல்லாவில் பட்டம் பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். அவர்களுள் ஆர்வமுள்ள ஐந்து பேரைத் தெரிந்தெடுங்கள். அவர்களின் பெற்றோரிடம் முத்தவல்லி அவர்களே நேரில் சென்று பேசட்டும். ஐவருள் ஒருவர் ஆட்சியர் ஆகலாம். இருவர் வேறு அரசுப் பணிக்குச் செல்லலாம். எஞ்சிய இருவர் நாட்டின் சட்டத்தையும் வரலாற்றையும் கற்ற நல்ல குடிமக்களாகத் தம் தொழிலுக்குத் திரும்பலாம். எப்படிப் பார்த்தாலும் இழப்பில்லாத வணிகம் இது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அக்கல்வியைக் கொண்டு மக்களுக்கு நீதி செலுத்தும் நேர்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.